பழைய டோப்போ ஷீட்டில் இல்லாத குட்டைகள்: வடக்கு டகோட்டா புல்வெளியை எப்படி அளந்தார்கள்?

#1 மணல்வரி

கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில், வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஸ்டட்ஸ்மன் கவுண்டியில் ஒரு டவுன்ஷிப்பின் ஈரநில வரலாற்றை வரைபடமாகத் தொகுக்கும் வேலை வந்திருக்கிறது. ஜேம்ஸ்டவுனுக்கு மேற்கே, மிசூரி கோட்டோ என்று அழைக்கப்படும் மேட்டுப் பகுதி.

அந்த நிலத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கடைசிப் பனியாறு சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் உருகிப் பின்வாங்கியபோது மண்ணுக்குள் புதைந்து கிடந்த பனிக்கட்டிகளும் மெதுவாக உருகின. அவை கிடந்த இடமெல்லாம் பள்ளமானது. ஆறு, ஓடை என்று ஒழுங்கான வடிகால் கிடையாது. ஒவ்வொரு பள்ளத்திலும் பனி உருகிய நீர் தேங்கும், கோடையில் வற்றும். அயோவாவில் தொடங்கி மினசோட்டா, இரு டகோட்டாக்கள், மொன்டானா, அப்புறம் கனடாவின் மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா வரைக்கும் சுமார் 7 லட்சம் சதுர கி.மீ. இப்படித்தான். வட அமெரிக்க வாத்துகளில் பெரும்பங்கு குஞ்சு பொரிப்பது இந்தக் குட்டைகளில்.

இப்போது என் சிக்கல். 19ஆம் நூற்றாண்டு பொது நில அலுவலகத்தின் டவுன்ஷிப் படத்தில் ஒரு செக்‌ஷன் வெறும் வெள்ளையாக இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த டோப்போ ஷீட்டில் (மேடு பள்ளமும் நீர்நிலையும் காட்டும் அரசுப் படம்) அதே இடத்தில் நீலக் கோடு போட்ட இரண்டு குட்டைகள். தேசிய ஈரநிலப் பதிவின் படத்தில் அங்கே ஒரு டஜனுக்கு மேல். விமானத்திலிருந்து லேசர் அடித்துத் தரை உயரம் எடுக்கும் லைடாரில் பார்த்தால் இன்னும் கூடுதல். ஒன்றுமில்லாத இடத்தில் காலப்போக்கில் குட்டைகள் பெருகின என்று இதைப் படிக்க முடியாது. நடந்தது அதற்கு நேர்மாறு, குட்டைகளை வடித்து வயலாக்கினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் படத்தை எவ்வளவு நம்புவது?

#2 பழைய தியோடலைட்

முதல் படத்திலிருந்து ஆரம்பிப்போம் தம்பி. அது நிலத்தை விற்பதற்காகப் போட்ட படம். நிலத்தோற்றம் காட்டுவது அதன் வேலையே இல்லை.

1785ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி நாட்டை ஆறு மைல் சதுரங்களாகப் பிரித்தார்கள், அதுதான் டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அளந்தது 66 அடி கன்ட்டர் சங்கிலியால். ஒரு சங்கிலிக்கு 100 லிங்க், ஒரு மைலுக்கு 80 சங்கிலி. நம் ஊர்ப் பழைய புலப்படங்களில் லிங்க் கணக்கு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, அதே சங்கிலிதான்.

முக்கியமானது என்னவென்றால், சர்வேயர் நடந்தது செக்‌ஷன் எல்லைக் கோடுகளின் மேல் மட்டும். கோட்டில் சதுப்பு குறுக்கிட்டால் இத்தனையாவது சங்கிலியில் நுழைந்தேன், இத்தனையாவதில் வெளியேறினேன் என்று குறிப்பேட்டில் எழுதுவார். நீங்கள் படத்தில் பார்ப்பது அந்தக் குறிப்பேட்டை வைத்து அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்தது. கோட்டைத் தொடாமல் செக்‌ஷனின் நடுவில் கிடந்த குட்டை குறிப்பேட்டுக்கே வராது. தூரத்திலிருந்து கண்ணில் பட்டால் உத்தேசமாக ஒரு வட்டம் போடுவார்கள், அல்லது விட்டுவிடுவார்கள்.

ஏரிக்கரையைச் சுற்றி முறையாக அளப்பது தனி வேலை. மியாண்டர் கோடு என்பார்கள். 1855ஆம் ஆண்டுக் கையேடு 25 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகளையும் ஆழமான குளங்களையும்தான் அப்படி அளக்கச் சொன்னது. அதற்குக் கீழே இருந்தால் அரசின் கணக்கில் அது நிலம். விற்கலாம்.

அளந்தவர்களும் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. மைலுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். 1910 வரை இந்த முறைதான். மைல் கணக்கில் கூலி வாங்குபவர் முழங்கால் சேற்றில் நின்று குட்டையின் வடிவத்தை வரைவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

#3 சும்மா வாசகன்

தொழில் தெரியாதவன் கேள்வி. மரமே இல்லாத புல்வெளியில் எல்லையை எப்படிக் குறித்தார்கள்? கல் நட்டார்களா?

#4 பழைய தியோடலைட்

காட்டுப் பகுதியில் மூலைக்குப் பக்கத்து மரங்களில் வெட்டுக்குறி போட்டு, அதன் திசையையும் தூரத்தையும் எழுதுவார்கள். புல்வெளியில் கல் கிடைத்தால் கல். இல்லாவிட்டால் குழி வெட்டி, அந்த மண்ணைக் கம்பத்தைச் சுற்றி மேடாகக் குவிப்பார்கள். சில ஆண்டுகளில் கம்பம் உளுத்துப்போகும், மேடு கரைந்துபோகும். அதனால் பிற்காலத்தில் மூலை தேடுவது பெரும்பாடு. மணல்வரி கவனிக்க வேண்டியது இது: பழைய படத்தில் ஒரு சதுப்பு செக்‌ஷன் கோட்டில் 40ஆவது சங்கிலியில் இருக்கிறது என்றால், மூலை சரியாகக் கிடைத்திருந்தால்தான் அந்த 40க்கு அர்த்தம்.

#5 அயோவா அகிலா

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குறிப்பேட்டில் "சதுப்பு" என்று எழுதுவதற்குப் பின்னால் பணமும் இருந்தது, எல்லா மாநிலத்திலும் இல்லை.

1849, 1850, 1860 ஆண்டுகளின் சதுப்பு நிலச் சட்டங்கள், சாகுபடிக்கு உதவாத ஈர நிலத்தைக் கூட்டரசிடமிருந்து மாநிலங்களுக்கு மாற்றின. அயோவா 1850 சட்டத்தில் வந்தது, மினசோட்டா 1860இல். எது சதுப்பு என்பதை எதை வைத்து முடிவு செய்வது? சில மாநிலங்கள் தங்கள் ஆட்களை அனுப்பிப் பார்த்தன. மினசோட்டா போன்றவை சர்வேயரின் குறிப்பேட்டையே ஆதாரமாக ஏற்றன. அதாவது அவர் எழுதிய ஒரு சொல்லால் 40 ஏக்கர் யாருக்குப் போகும் என்பது மாறும். அப்படியான இடத்தில் கூடுதலாக எழுதவும் காரணம் உண்டு, குறைத்து எழுதவும் காரணம் உண்டு. டகோட்டா பிரதேசத்துக்கு இந்தச் சட்டங்கள் நீட்டிக்கப்படவில்லை. ஆகவே உங்கள் டவுன்ஷிப்பில் இந்தச் சாய்வைத் தேட வேண்டாம். அங்கே இருப்பது வெறும் அவசரம்தான்.

#6 நெல்லை ஜிஐஎஸ்

இரண்டாவது படத்துக்கு வருகிறேன். இதில் மூன்று வடிகட்டிகள் இருக்கின்றன.

அளவை: ஓர் ஏக்கர் வட்டக் குட்டையின் விட்டம் ஏறத்தாழ 72 மீட்டர். 1890களில் வந்த 1:1,25,000 ஷீட்டில் அது அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். செம்புத் தகட்டில் செதுக்குபவருக்கு அது ஒரு புள்ளி. 15 நிமிட ஷீட், அதாவது 1:62,500இல் ஒரு மி.மீ. சொச்சம். 1:24,000இல் 3 மி.மீ., அங்கேதான் முதல் முறையாக வரையக்கூடிய அளவுக்கு வருகிறது. அந்தப் பகுதிக் குட்டைகளில் பெரும்பாலானவை ஓர் ஏக்கரை விடச் சிறியவை என்பதை நினைவில் வையுங்கள்.

கான்டூர் (சம உயரக் கோடு) இடைவெளி: 10 அடி இடைவெளி என்றால் 3 அடி ஆழக் குட்டை படத்தில் வருவது அதிர்ஷ்டம். கரைக்கும் அடிக்கும் நடுவே ஒரு கான்டூர் மட்டம் விழுந்தால், உள்பக்கம் சின்னப் பல் வைத்த மூடிய வளையம் கிடைக்கும். விழாவிட்டால் அந்த இடம் சமதரை மாதிரி தெரியும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே ஆழத்தில் இரண்டு குட்டைகள், ஒன்று படத்தில் பள்ளமாகவும் மற்றது ஒன்றுமே இல்லாமலும் இருப்பதை நான் பல ஷீட்டுகளில் பார்த்திருக்கிறேன். 20 அடி இடைவெளிப் பழைய ஷீட்டில் கேட்கவே வேண்டாம்.

துல்லியத் தரத்தையும் பாருங்கள். 1947இல் திருத்தி வெளியிட்ட தேசியத் தரம், சோதித்த புள்ளிகளில் 90 சதவீதம் கான்டூர் இடைவெளியில் பாதிக்குள் இருந்தால் போதும் என்கிறது. 10 அடி இடைவெளிக்கு 5 அடி. குட்டையின் முழு ஆழமே அதற்குள் அடங்கிவிடும்!

குறியீடு: கெட்டியான நீலக் கரை என்றால் ஆண்டு முழுக்க நீர். விட்டுவிட்ட கரையும் உள்ளே சாய்ந்த நீலக் கோடுகளும் என்றால் சில காலம் மட்டும் நீர். நீலப் புல் கொத்து என்றால் சதுப்பு. மணல்வரி சொன்ன நீலக் கோடு இரண்டாவது வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஏப்ரலில் போனால் ஏரி, ஆகஸ்டில் போனால் புல். அதை எந்த வகையில் போடுவது என்பதைக் களத்துக்குப் போனவரோ விமானப் படத்தைப் பார்த்தவரோ முடிவு செய்தார்.

#7 வரப்பு

இவ்வளவு குறை சொல்லிவிட்டு அதையே ஏன் பார்க்க வேண்டும்? லைடார் இருக்கிறதே, 15 செ.மீ. துல்லியத்தில் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். பள்ளத்தை நிரப்பும் அல்காரிதத்தை ஓட்டினால் ஒரு மதிய நேரத்தில் எல்லாக் குட்டையும் கிடைத்துவிடும். பழைய தாள்களை விட்டுத் தள்ளுங்கள்.

#8 நெல்லை ஜிஐஎஸ்

ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன், அவ்வளவு சுலபம் இல்லை.

ஒன்று, சாலைகள். அங்கே மைலுக்கு ஒரு செக்‌ஷன் சாலை, நிலத்தை விட உயரமாகப் போட்டிருக்கும். அடியில் கல்வெர்ட், அதாவது நீர் போகும் குழாய், இருப்பது லைடாருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சாலையும் அணை ஆகி, இல்லாத ஏரிகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். கல்வெர்ட் இருக்கும் இடத்தில் எல்லாம் கையால் வெட்டிவிட வேண்டும்.

இரண்டு, தண்ணீர். நில அளவைக்குப் பயன்படும் லைடார் பெரும்பாலும் அண்மை அகச்சிவப்பு. அது நீருக்குள் போகாது. சிவப்பாற்றுப் படுகை லைடார் 2008 முதல் 2010 வரை எடுத்தது. 1993க்குப் பிறகு தொடர்ந்து ஈரமான ஆண்டுகள். குட்டைகள் நிறைந்திருந்த நேரத்தில் பறந்தால் கிடைப்பது தண்ணீரின் தலை. தரை கிடைக்காது.

மூன்றாவது விஷயம் உங்களுக்கே தெரியும். அறுபது ஆண்டு உழவு மேட்டு மண்ணைப் பள்ளத்துக்குத் தள்ளியிருக்கிறது. இன்று லைடார் காட்டும் பள்ளம் பழைய பள்ளத்தின் மிச்சம்தான்.

#9 மணல்வரி

நெல்லை சொன்ன இரண்டாவது காரணத்துக்காகவே நான் பழைய ஷீட்டை விடமாட்டேன் என்கிறேன். இதே மாநிலத்தின் டெவில்ஸ் ஏரியைப் பாருங்கள். வெளியே வடிகால் இல்லாத படுகை, வரும் நீர் ஆவியாகித்தான் போக வேண்டும். 1867இல் அதன் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,438 அடி. ஒரு காலத்தில் ஏரியில் நீராவிப் படகு ஓடியது. நீர் இறங்கி இறங்கி 1909இல் அது நின்றுபோனது. 1940இல் மட்டம் 1,400.9 அடி. அப்புறம் மெல்ல ஏறி, 1993க்குப் பிறகு ஒரே பாய்ச்சலாக, 2011 ஜூனில் 1,454.3 அடி. இன்னும் நாலு அடி ஏறி 1,458 தொட்டிருந்தால் ஷெயென் ஆற்றுக்குள் தானாக வழிந்திருக்கும். சாலை, வீடு, பண்ணை, ரயில் பாதை எல்லாம் தண்ணீருக்குள்.

ஒரே ஏரி, ஐம்பது அடிக்கு மேல் ஏற்ற இறக்கம். எந்த நீலக் கரையைச் சரி என்பீர்கள்? ஆனால் ஏரி இறங்கியிருந்த காலத்தில் அளந்த ஷீட்டுகளின் பழுப்புக் கான்டூர்கள் அன்றைக்குக் காய்ந்து கிடந்த தரையைக் காட்டுகின்றன. இன்று அது நீருக்கடியில். லைடாரால் தர முடியாத ஏரித் தரை அந்தத் தாளில் இருக்கிறது. வரப்பு, தாளை விட்டுத் தள்ள வேண்டாம்!

#10 பழைய தியோடலைட்

நல்ல உதாரணம். இதோடு தொடர்ந்து எல்லோரும் தவறவிடும் ஒன்று: ஷீட்டின் அடி ஓரத்தில் சின்ன எழுத்து. அச்சிட்ட ஆண்டு ஒன்று, விமானப் படம் எடுத்த ஆண்டு ஒன்று, களத்தில் சரிபார்த்த ஆண்டு ஒன்று என்று மூன்று தேதிகள் இருக்கும். தலைப்பில் உள்ள ஆண்டை எடுத்துக்கொண்டு ஆய்வு எழுதுபவர்கள் ஏராளம். குட்டைக்கு வேண்டியது படம் எடுத்த தேதி, முடிந்தால் மாதத்தோடு.

இரண்டு காலங்களின் முறையையும் பிரித்துப் பாருங்கள். பழைய ஷீட்டுகள் பிளேன் டேபிளில் வரைந்தவை. முக்காலி மேல் பலகை, அதில் தாள், அலிடேடால் குறிபார்த்து, தூரத்தில் ஒருவர் பிடிக்கும் மட்டக்கோலைப் படித்து, புள்ளிகளுக்கு நடுவே நிலத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கான்டூரை அங்கேயே வரைவது. அந்த மனிதர் நிலத்தில் நின்றார். குட்டையை விட்டாலும் தெரிந்தேதான் விட்டார். பிற்காலத்தில் ஸ்டீரியோ விமானப் படங்களை வைத்துக் கருவியில் கான்டூர் இழுத்தார்கள். வேகமும் சீரும் கூடின. ஆனால் உயரமான நாணலும் புல்லும் அடர்ந்த குட்டையில் கருவி பார்ப்பது புல்லின் தலையை. ஆபரேட்டர் ஒரு அளவு கழித்துக்கொண்டு தரையை ஊகிப்பார்.

ஊதா நிறம் இருந்தால் இன்னும் கவனம். பிற்காலத் திருத்தங்களை விமானப் படத்தைப் பார்த்து ஊதாவில் அச்சிட்டார்கள், பெரும்பாலும் களத்தில் சரிபார்க்காமல். ஊதாக் குளம் புதிதாக வந்த குளமாகவும் இருக்கலாம், ஈரமான ஆண்டில் எடுத்த படமாகவும் இருக்கலாம்.

#11 சும்மா வாசகன்

இந்த ஷீட்டெல்லாம் வெளியில் கிடைக்குமா, காசு கேட்பார்களா?

#12 நெல்லை ஜிஐஎஸ்

இலவசம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் டோப்போவியூ தளத்தில் 1880களிலிருந்து வந்த ஷீட்டுகள் எல்லாம் ஸ்கேன் செய்து, ஆயங்களோடு பொருத்தி வைத்திருக்கிறார்கள். பொது நில அலுவலகக் குறிப்பேடுகளும் படங்களும் நில மேலாண்மைப் பணியகத்தின் தளத்தில். நம் பக்கத்து ஷீட்டுக்கு அலைந்தவர்களுக்கு இதைப் பார்த்தால் பொறாமை வரும்.

#13 அயோவா அகிலா

விமானப் படத்தின் தேதி பற்றி ஐயா சொன்னது ஈரநில வேலையில் பெரிய வினை. அமெரிக்க வேளாண் துறை கவுண்டி கவுண்டியாக விமானப் படம் எடுக்க ஆரம்பித்தது 1930களின் நடுவில். அதைத்தான் எல்லோரும் "பழைய நிலை" என்று முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் அது கடும் வறட்சிக் காலம். வடக்கு டகோட்டாவில் அந்தப் படங்களில் குட்டை இருந்த இடத்தில் வைக்கோல் அறுத்திருப்பார்கள், சிலர் உழுதே இருப்பார்கள். அதை வைத்து ஈரநிலம் இல்லை என்று முடிவு கட்டினால் டெவில்ஸ் ஏரியையே அழித்துவிடலாம்.

அயோவாவில் பிரச்சினை வேறு. இங்கே தெமாயின் பனியாற்று மடல் பகுதியில் விமானம் வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்து வடித்தார்கள். டைல் என்பார்கள். பிறகு கவுண்டி வடிகால் மாவட்டங்கள் அமைத்து, விவசாயிகளிடம் வரி வாங்கிப் பெரிய வாய்க்கால்கள் வெட்டினார்கள். 1990இல் வெளியான கூட்டரசு மீன், வனவிலங்குச் சேவையின் கணக்குப்படி 1780களிலிருந்து 1980கள் வரை அயோவா இழந்த ஈரநிலம் 89 சதவீதம். வடக்கு டகோட்டா 49, தெற்கு டகோட்டா 35. ஆகவே என் ஊர் டோப்போ ஷீட் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அது வடித்த பிறகான நிலம்.

நான் நம்புவது மண்ணை. தண்ணீர் போனாலும் நூற்றாண்டுகள் நின்ற தடம் மண்ணில் இருக்கும்: தடித்த கறுப்பு மேல்மண், கீழே காற்றில்லாமல் சாம்பல் நிறமான களி. ஒகபோஜி என்ற மண் தொடர் இங்கே குட்டைகளின் அடிமண், அதைச் சுற்றி ஹார்ப்ஸ் என்ற சுண்ணாம்பு மண் வளையம். மண் வரைபடத்தில் ஒகபோஜியை மட்டும் நிறமடித்துப் பாருங்கள், வடித்த குட்டைகள் எல்லாம் மறுபடி எழுந்து நிற்கும். வடக்கு டகோட்டாவில் இதே வேலைக்கு பார்னெல், சௌதம் மண் தொடர்களைப் பாருங்கள்.

#14 பழைய தியோடலைட்

அகிலாம்மா, மண் வரைபடமும் ஒருவர் விமானப் படத்தின் மேல் வரைந்ததுதானே. அதுவும் 1:20,000 அளவையில். துளையிட்டுப் பார்ப்பது சில இடங்களில், மீதி தோற்றத்தைப் பார்த்து நீட்டிப்பது. ஓர் ஏக்கர் குட்டைக்குத் தனி எல்லை போடமாட்டார்கள், அதிகம் போனால் ஈரப்புள்ளி என்று ஒரு சின்னக் குறி. உங்கள் மண்ணும் என் சங்கிலியும் ஒரே ஜாதி.

#15 அயோவா அகிலா

அளவைக் குறை இரண்டுக்கும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், உங்கள் சர்வேயர் பார்த்தது ஒரு நாள். மண் பார்த்தது சில ஆயிரம் ஆண்டு. 1936 வறட்சியிலும் ஒகபோஜி ஒகபோஜிதான். சந்தேகம் வந்தால் இன்றைக்கும் போய்த் துளை போட்டுப் பார்க்கலாம். 1880இல் நடந்த சர்வேயர் எந்த மாதம் அந்த ஓரத்தைக் கடந்தார் என்பதை மாற்ற முடியாது.

#16 பழைய தியோடலைட்

எந்த மாதம் என்பது குறிப்பேட்டில் தேதியோடு இருக்கிறது! டவுன்ஷிப் படத்தை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதைத் தவறவிடுகிறார்கள். அக்டோபரில் ஒருவர் சதுப்பு என்று எழுதினால், கோடை தாண்டியும் நீர் நின்றது என்று எனக்குத் தெரியும். மே மாதத்தில் எழுதினால் பாதி மதிப்புத்தான். மண் உங்களுக்கு "இங்கே ஒரு காலத்தில் ஈரம்" என்று சொல்லும். எந்த ஆண்டு, எத்தனை சங்கிலி அகலம் என்று சொல்லாது.

#17 வரப்பு

பெரியவர்கள் சண்டையில் குறுக்கிடுகிறேன். எல்லோரும் துல்லியம் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ஊர் விவசாயிக்கு இந்தப் படங்கள் வேறு பொருள் தருபவை. என் சொந்தக்காரர் ஒருவர் அங்கே சோயா பயிரிடும் பண்ணைகளுக்குக் கணக்கு எழுதுகிறார், அவர் வழியாகக் கொஞ்சம் தெரியும்.

நூறு ஆண்டு அரசே வடிக்கச் சொன்னது, கடன் கொடுத்தது. 1985 டிசம்பர் 23இல் கையெழுத்தான பண்ணைச் சட்டம் அதைத் திருப்பிப் போட்டது. அன்றைக்குப் பிறகு ஈரநிலத்தை வடித்துப் பயிரிட்டால் மானியம் கிடையாது. அதற்கு முன்பே வடித்துச் சாகுபடி செய்திருந்தால் விலக்கு. ஆக, கேள்வி "1985க்கு முன் இந்தப் பள்ளம் எப்படி இருந்தது?" என்று ஆகிவிடுகிறது. ஆதாரம்? பழைய விமானப் படம், மண் வரைபடம், டோப்போ ஷீட். நீங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லும் அந்தப் பல் வைத்த வளையம் ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் தொடுகிறது. வறட்சியில் எடுத்த படம் அவருக்குச் சாதகம், ஈரமான ஆண்டுப் படம் பாதகம். அதனால் நான் லைடார் வேண்டும் என்று கேட்டது சோம்பலால் அல்ல. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும் என்றுதான்.

#18 மணல்வரி

நியாயமான பேச்சு. ஒன்று மட்டும் சொல்லலாமா? அந்த ஆய்வுகளில் ஒரே ஆண்டுப் படத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதற்காகப் பல ஆண்டுப் படங்களை மழைப் பதிவோடு சேர்த்து, சராசரி மழை பெய்த ஆண்டுகளில் எத்தனை முறை ஈரம் தெரிகிறது என்று எண்ணும் முறை இருக்கிறது. லைடார் பள்ளத்தைச் சொல்லும், அதில் எத்தனை வாரம் நீர் நின்றது என்று சொல்லாது. ஸ்டூவர்ட், கான்ட்ரட் இருவரும் 1971இல் கொடுத்த வகைப்பாடு நீர் நிற்கும் காலத்தை வைத்துத்தான் இந்தக் குட்டைகளைப் பிரிக்கிறது: சில நாள், சில வாரம், ஒரு பருவம், ஏறக்குறைய நிரந்தரம் என்று. அதற்குச் செடிகளின் வளையங்களைப் பார்த்தார்கள். உழுத நிலத்தில் அந்த வளையமும் போய்விட்டது.

#19 நெல்லை ஜிஐஎஸ்

பழைய படம் வழக்கைத் தீர்மானிக்கும் கதைக்கு தெற்கு டகோட்டாவைப் பாருங்கள். 1990களின் மழையில் வடகிழக்குப் பகுதியில் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் மூழ்கிப் பெரிய ஏரிகள் ஆயின, மீன்கள் வந்தன, மீன்பிடிக்க ஆட்களும் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு சர்வேயில் மியாண்டர் கோடு போட்ட ஏரி என்றால் அடித்தரை பொதுச் சொத்து. கோடு போடாத ஏரி என்றால் அடித்தரை பட்டாக்காரருடையது, மேலே நிற்கும் நீர் மட்டும் பொது. அப்போது படகு விடலாமா? 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் நீர் பொதுமக்களுக்கான அறக்கட்டளைச் சொத்து, பொழுதுபோக்குக்கு அதைத் திறப்பதா என்பதைச் சட்டமன்றம் தீர்மானிக்கட்டும் என்றது. சட்டமன்றம் இழுத்தடித்தது. 2017இல் மறுபடி தீர்ப்பு வந்து சில ஏரிகளில் மீன்பிடிப்பு நின்றது, அந்த ஜூனில் சிறப்புக் கூட்டம் கூட்டிச் சட்டம் போட்டார்கள்.

#20 சும்மா வாசகன்

அப்படியென்றால் 1870களில் ஒருவர் 25 ஏக்கர் இருக்கும், இருக்காது என்று கரையில் நின்று நினைத்தது...

#21 பழைய தியோடலைட்

ஆமாம். அதோடு அவர் போனது வறண்ட ஆண்டா, ஈரமான ஆண்டா என்பதும். ஒரு தெளிவு: மியாண்டர் கோடு சொத்தெல்லை ஆகாது. விற்கும் நிலம் எத்தனை ஏக்கர் என்று கணக்குப் போட அளந்த கோடு அது. எல்லை நீரின் வழக்கமான உயர் மட்டம்தான். ஆனால் கோடு இருக்கிறதா இல்லையா என்பது இப்படி வேறு வழியில் பெரிதாகிவிட்டது.

இன்னொரு படத்தையும் யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஜோசப் நிக்கொலெட் என்ற பிரெஞ்சுக்காரர் 1838, 1839 பயணங்களில் வானியல் கணிப்பால் இடங்களைக் குறித்து, பாரமானியால் உயரம் எடுத்து, டகோட்டா மக்களிடம் ஏரிகளின் பெயர்களைக் கேட்டு எழுதி மேல் மிசிசிப்பி படுகைக்கு ஒரு படம் போட்டார். 1843இல் வெளியானது. செக்‌ஷன் கட்டம் எதுவும் இல்லாத காலம். குட்டைக் கணக்குக்கு அது உதவாது, அளவை மிகச் சிறியது. ஆனால் பிந்தைய படங்களில் பாதி ஏரிகளுக்குப் பெயர் தொலைந்துபோனதைப் பார்க்கும்போது அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

#22 மணல்வரி

எல்லாம் சேர்த்து நான் செய்யப்போவது இது. அடித்தளமாக மண் வரைபடத்தின் குட்டை மண். அதன் மேல் குறிப்பேட்டுச் சதுப்பு நுழைவுகள், தேதியோடு, செக்‌ஷன் கோடுகளில் மட்டும். செக்‌ஷனின் உட்புறத்தை "பார்க்கப்படாதது" என்று தனி நிறத்தில் விடுவேன், காலி என்று காட்டமாட்டேன். டோப்போ ஷீட்டிலிருந்து நீலத்தையும் பள்ளக் கான்டூரையும் தனித்தனி அடுக்காக, இரண்டுக்கும் விமானப் படத் தேதியைப் பண்பாகச் சேர்த்து. லைடார் கடைசியில், சாலைகளை வெட்டிய பிறகு. எந்த அடுக்கும் இன்னொன்றைத் திருத்தாது. வாடிக்கையாளர் ஒரே கோடு கேட்பார், அது வேறு தலைவலி.

ஒரு நடைமுறைக் கேள்வி மிச்சம். பழைய ஷீட்டின் கான்டூரையும் லைடாரையும் கழித்துப் பார்த்தால் டவுன்ஷிப் முழுக்க ஒரே அளவு வித்தியாசம் வருகிறது. மண் அரிப்பு இப்படிச் சீராக வராதே?

#23 நெல்லை ஜிஐஎஸ்

அரிப்பு இல்லை, டேட்டம், அதாவது உயரத்தையும் இடத்தையும் எண்ணத் தொடங்கும் அடிப்படை. பழைய ஷீட்டின் உயரங்கள் 1929 டேட்டத்தில், லைடார் 1988 டேட்டத்தில். அங்கே வித்தியாசம் ஓர் அடி அளவுக்கு வரும். மாற்றும் கருவி தேசிய நில அளவைத் துறையிடம் உண்டு, அதை முதலில் போடுங்கள். கிடையாக 1927க்கும் 1983க்கும் உள்ள மாற்றத்தையும் பாருங்கள். யூடிஎம் என்ற மீட்டர் கட்டத்தில் வடக்குத் திசையில் 200 மீட்டர் போல நகரும். மூன்று குட்டை அகலம். அதைச் சரிசெய்யாமல் மேலே போட்டால் ஒவ்வொரு குட்டையும் பக்கத்து மேட்டில் போய் உட்காரும்.

#24 மணல்வரி

கழித்தலை மறுபடி ஓட்டினேன். சீரான வித்தியாசம் போய்விட்டது. இப்போது உழுத செக்‌ஷன்களில் மேட்டுத் தலைகள் மட்டும் லேசாகத் தாழ்ந்து தெரிகின்றன. ஆனால் எல்லாம் 5 அடிப் பிழைக்குள்தான், அதனால் இதை அறிக்கையில் போடப்போவதில்லை. கல்வெர்ட் பட்டியல் கவுண்டி சாலை அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். வந்ததும் பள்ள அடுக்கை இங்கே ஏற்றுகிறேன், நெல்லை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.